எரேமியாவிடம் பிளேட்டோ கேட்ட இரண்டு கேள்விகள்

பாபிலோனியர் எருசலேம் தேவாலயத்தைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு, கருகிய உத்தரங்களுக்கும் சரிந்த கற்களுக்கும் நடுவே உட்கார்ந்து எரேமியா தீர்க்கதரிசி அழுதுகொண்டிருந்தாராம். அந்த வழியாக வந்த பிளேட்டோ, யார் நீர் என்று விசாரித்தார். இஸ்ரவேலின் ஞானி ஒருவர் என்று தெரிந்ததும் அவருக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. அறிவுடைய ஒருவர் வெறும் மரத்துக்கும் கல்லுக்கும் இப்படிக் கண்ணீர் விடலாமா என்பது முதலாவது. நடந்து முடிந்துவிட்டதை எண்ணி அழுவதால் ஆகப்போவது என்ன, அறிவாளி வரப்போவதை அல்லவா எண்ண வேண்டும் என்பது இரண்டாவது. எரேமியா உடனே பதில் சொல்லவில்லை. நீர் தத்துவ ஞானி ஆயிற்றே, உமக்கு விடை கிடைக்காத கேள்விகள் இருக்குமே, அவற்றை முதலில் கேளும் என்றார். பிளேட்டோ நெடுங்காலமாகச் சுமந்து திரிந்த சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, தீர்க்கதரிசி அவற்றையெல்லாம் அவிழ்த்துக் கொடுத்தார். இவர் மனிதர்தாமா என்று பிளேட்டோ திகைத்து நின்றபோது எரேமியா சொன்னார்: இந்த அறிவு முழுவதும் எனக்கு இந்த மரத்திலிருந்தும் கல்லிலிருந்தும்தான் வந்தது; உமது முதல் கேள்விக்கு விடை அதுவே. இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உமக்கு விளங்காது.

ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாளில், யூதர்கள் உண்ணாமலும் பருகாமலும் தரையில் அமர்ந்து புலம்பல் நூலை வாசிக்கும் துக்க நாளில், இந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் க்ராக்கோவ் நகரில் வாழ்ந்த ரபி (யூத மத ஆசான்) மோசே இஸ்ஸர்லஸின் பெயரோடு சேர்த்தே அதைச் சொல்கிறார்கள். ரெமா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தீர்க்கதரிசிகளையும் கிரேக்கத் தத்துவவாதிகளையும் முடிச்சுப் போடும் யூத மரபுக் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, இன்னார் இன்னாரிடம் பாடம் கேட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுபவை. இந்த ஒன்றில் மட்டும் தீர்க்கதரிசி ஒரு கேள்விக்கு வாயை மூடிக்கொள்கிறார் என்பதாலேயே எனக்கு இது மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. பிளேட்டோவுக்கு எல்லாவற்றையும் கற்பிக்க முடிந்தவர், இழந்ததற்காக அழுவது ஏன் என்பதைக் கற்பிக்க முடியாது என்கிறார். அறிவு ஒரு மக்களிடமிருந்து இன்னொரு மக்களுக்குப் போகும், துக்கம் போகாது என்று கதை கட்டியவர் கருதியிருக்க வேண்டும்.

கால ஒழுங்கைப் பார்த்தால் கதை நிற்காது. தேவாலயம் எரிந்தது கி.மு. 586இல், பிளேட்டோ பிறந்தது கி.மு. 427ஐ ஒட்டி. இடையில் ஏறத்தாழ 160 ஆண்டுகள். இந்தக் கணக்கை முதலில் வெளிப்படையாகப் போட்டவர்களில் ஒருவர் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டீன். பிளேட்டோ எகிப்தில் எரேமியாவைச் சந்தித்தார் என்ற செய்தி அவருடைய ஆசான் அம்புரோஸ் வழியாக வந்தது. அகஸ்டீனும் முதலில் அதை ஏற்று எழுதினார். பிறகு 'கடவுளின் நகரம்' எழுதும்போது உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். எரேமியா தீர்க்கதரிசனம் உரைத்ததற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகே பிளேட்டோ பிறந்தார். அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்து இறந்து, ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்தே எகிப்தின் தாலமி மன்னர் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கச் சொன்னார். ஆகவே பிளேட்டோ எரேமியாவைக் கண்டிருக்கவும் முடியாது, அவருடைய நூலைப் படித்திருக்கவும் முடியாது என்று முடிவுகட்டினார். பின்னர் தம் நூல்களைத் தாமே திருத்தி எழுதிய தொகுப்பிலும் இந்தப் பிழையைக் குறித்துவைத்தார்.

ஆனால் அகஸ்டீனின் காலக்கணக்கு வேறு, ரபிகளின் காலக்கணக்கு வேறு. 'சேதர் ஓலாம்' என்னும் பழைய நூலையும், ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதையும் பின்பற்றும் மரபின்படி, முதல் தேவாலயம் அழிந்து 70 ஆண்டுகள் கழித்து இரண்டாவது எழுந்தது. அது 420 ஆண்டுகள் நின்றது. அந்த 420ஐ தல்மூது இப்படிப் பிரிக்கிறது: பாரசீகர் ஆட்சி 34, கிரேக்கர் ஆட்சி 180, அசமோனியர் என்ற யூத அரச குலம் 103, ஏரோதின் குடும்பம் 103. இரண்டாம் தேவாலயத்தை ரோமர்கள் அழித்தது கி.பி. 70 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், முதல் தேவாலயம் எரிந்த ஆண்டு கி.மு. 420ஐ ஒட்டி வந்து நிற்கும். வரலாற்றாசிரியர்கள் 180 ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கும் பாரசீகர் காலத்தை ரபிகள் 34 ஆண்டுகளாகச் சுருக்கியதால் வந்த விளைவு இது. அந்த நாட்காட்டியில் பிளேட்டோ, தேவாலயம் எரிந்தபோது ஏழெட்டு வயதுப் பிள்ளை. முதிர்ந்த எரேமியாவும் இளம் பிளேட்டோவும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துக்கொள்வது அவ்வளவு அபத்தமாக இருக்காது. இந்தக் கணக்கிலிருந்துதான் கதை பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கிறிஸ்தவ அறிஞர் ஒருவர் கைவிட்ட கதை யூதர்களிடையே உறுத்தல் இல்லாமல் உலவ முடிந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தச் சுருங்கிய காலக்கணக்கைக் கிரேக்க, லத்தீன் நூல்களோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்ட இத்தாலிய யூத அறிஞர் அசரியா தெய் ரோசி, 1573இல் மான்டுவாவில் தம் நூலை அச்சிடத் தொடங்கியபோது, முன் அனுமதி இல்லாமல் யாரும் அதைப் படிக்கக் கூடாது என்று பல நகரங்களின் ரபிகள் ஆணை பிறப்பித்தார்கள்.

சந்திப்பு எகிப்தில் நிகழ்ந்தது என்று பல வடிவங்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. எருசலேமின் வீழ்ச்சிக்குப் பிறகு எஞ்சிய யூதர்கள் எரேமியாவைக் கட்டாயமாக எகிப்தின் தக்பானேசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது அவருடைய நூலிலேயே 43ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிளேட்டோ ஞானம் தேடி எகிப்துக்குப் போனார் என்பது கிரேக்கர்களே சொல்லிக்கொண்ட கதை. பித்தாகரஸ் போனார், சோலோன் போனார் என்றும் அவர்கள் சொன்னார்கள். தங்கள் பெரியவர்கள் கிழக்கே போய்க் கற்றார்கள் என்று கிரேக்கர்களே வழிவிட்டிருந்தபோது, அங்கே அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்ற இடத்தை நிரப்புவது மட்டுமே யூதர்களுக்கு மிச்சமிருந்த வேலை.

அந்த வேலை தொடங்கிய இடம் அலெக்ஸாந்திரியா. தாலமிகள் ஆண்ட அந்தக் கடற்கரை நகரத்தில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். கிரேக்கம் பேசினார்கள், வேதத்தையும் கிரேக்கத்திலேயே படித்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அங்கே எழுதிய அரிஸ்டோபுலஸ், பிளேட்டோவும் பித்தாகரஸும் மோசேயின் சட்டத்தைப் படித்து அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று துணிந்து எழுதினார். அகஸ்டீன் பிற்காலத்தில் எழுப்பப்போகும் தடை அவருக்கும் தெரிந்திருந்தது. தாலமி காலத்து மொழிபெயர்ப்புக்கு முன்பே, அலெக்ஸாந்தருக்கும் முன்பே, வேதத்தின் சில பகுதிகள் கிரேக்கத்தில் வந்துவிட்டன என்று சொல்லி அந்தத் தடையைத் தாண்டினார். அப்படி ஒரு மொழிபெயர்ப்பு இருந்ததற்குச் சான்று ஏதும் இல்லை. வாதத்துக்குத் தேவைப்பட்டது, அதனால் இருந்தது.

அரிஸ்டோபுலஸின் நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. யூசேபியஸ், கிளெமென்ட் போன்ற கிறிஸ்தவ ஆசிரியர்கள் எடுத்தாண்ட துண்டுகளே நம் கையில் இருக்கின்றன. அவற்றில் ஓர் இடம் அவருடைய கைவேலையை அருகில் காட்டுகிறது. அராட்டஸ் என்னும் கவிஞர் விண்மீன்களைப் பற்றிப் பாடிய காவியம் சீயஸ் தெய்வத்தின் பெயரோடு தொடங்குகிறது: தெருக்களும் சந்தைகளும் கடலும் துறைமுகங்களும் சீயஸால் நிறைந்திருக்கின்றன, நாமும் அவருடைய சந்ததி. அரிஸ்டோபுலஸ் இந்த வரிகளை எடுத்து, சீயஸ் வரும் இடங்களிலெல்லாம் கடவுள் என்று மாற்றி எழுதினார். மறைத்துச் செய்யவில்லை, கவிஞரின் உள்ளக்கருத்து கடவுளையே நோக்குவதால் பெயரை மாற்றினேன் என்று தாமே சொல்லிவிட்டார். இதே வரியைத்தான் அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் ஏதென்ஸ் நகரத்தாரிடம், உங்கள் கவிஞர்களே சொல்லியிருக்கிறார்களே என்று எடுத்துக்காட்டுகிறார். ஏழாம் நாள் புனிதமானது என்று ஹோமரும் ஹெசியோடும் பாடியதாகச் சில வரிகளையும் அரிஸ்டோபுலஸ் காட்டுகிறார். அவற்றில் சில எந்த ஹோமர் ஏட்டிலும் கிடையாது.

அதே காலத்தை ஒட்டி எகிப்தில் எழுதிய அர்தபானஸ் இன்னும் தாராளமானவர். மோசேயைத்தான் கிரேக்கர்கள் மூசாயோஸ் என்கிறார்கள், தொன்மப் பாடகர் ஓர்ஃபியஸுக்கு ஆசான் அவரே என்கிறார். கிரேக்க மரபில் ஓர்ஃபியஸ் குரு, மூசாயோஸ் சீடர். அர்தபானஸ் அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். கப்பல், கல் தூக்கும் பொறி, போர்க்கருவி, தத்துவம் எல்லாம் மோசேயின் கண்டுபிடிப்பு என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. எகிப்தியர் விலங்குகளை வணங்கும் வழக்கத்துக்கும் மோசேயே காரணம் என்று அவர் பெருமையாகச் சொல்வதைப் படிக்கும்போது, உருவங்களை வணங்காதே என்ற இரண்டாம் கட்டளையை இவர் எங்கே வைத்துவிட்டு வந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. யூப்பொலெமஸ் என்பவர் சுருக்கமாக, முதல் ஞானி மோசே; எழுத்தை அவர் யூதர்களுக்குக் கொடுத்தார், யூதர்களிடமிருந்து பினீசியர் பெற்றார்கள், பினீசியரிடமிருந்து கிரேக்கர்கள் பெற்றார்கள் என்றார்.

இவர்கள் ஏன் இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள் என்பதற்கு விடை எதிர்த்தரப்பில் இருக்கிறது. நாகரிகமற்ற மக்களிலேயே மனித வாழ்வுக்குப் பயன்படும் எதையும் கண்டுபிடிக்காதவர்கள் யூதர்கள் மட்டுமே என்று அப்போலோனியஸ் மோலோன் என்ற கிரேக்கச் சொற்பொழிவாளர் பழித்ததை, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் மேற்கோள் காட்டி மறுக்கிறார். அப்படிப்பட்ட ஏச்சுக்கு நடுவே வாழ்ந்தவர்கள், உங்கள் பிளேட்டோவே எங்கள் பள்ளியில் படித்தவர் என்று சொல்வதை வெறும் தற்பெருமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவரைத் திருடர் என்று சொல்ல வேண்டுமானால், அவர் கையில் இருப்பது விலைமதிப்புள்ளது என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். பிளேட்டோவின் தத்துவம் உயர்ந்தது என்பதில் அலெக்ஸாந்திரிய யூதர்களுக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. அந்த உயர்வுக்குள் தங்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்றே கேட்டார்கள்.

விந்தை என்னவென்றால், அந்த இருக்கையை முதலில் போட்டுக் கொடுத்தவர்களும் கிரேக்கர்களே. அரிஸ்டாட்டிலின் மாணவர் கிளியார்க்கஸ் எழுதிய ஒரு பகுதியை யோசேப்பஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். அதில் அரிஸ்டாட்டிலே பேசுகிறார். ஆசியா மைனரில் தங்கியிருந்தபோது சிரியப் பகுதியிலிருந்து வந்த யூதர் ஒருவரைச் சந்தித்ததாகவும், அவர் மொழியில் மட்டுமன்றி உள்ளத்திலும் கிரேக்கராக இருந்ததாகவும், தம் அறிவைச் சோதிக்க வந்த அவரே பெற்றதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் சொல்கிறார். இந்த யூதர்கள் யார் என்பதற்கு அரிஸ்டாட்டில் தரும் விளக்கம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும்: இவர்கள் இந்தியாவின் தத்துவ ஞானிகளின் வழித்தோன்றல்கள், அந்த ஞானிகளை இந்தியர்கள் கலானோய் என்றும் சிரியர்கள் யூதர்கள் என்றும் அழைக்கிறார்கள். அலெக்ஸாந்தரோடு தட்சசீலத்திலிருந்து புறப்பட்டுப் போய்ப் பாரசீகத்தில் தீப்பாய்ந்து உயிர்விட்ட கலானோஸ் என்ற துறவியின் பெயரே இங்கே ஒரு கூட்டத்தின் பெயராகியிருக்கிறது. அவர்களுடைய நகரத்தின் பெயர் வாயில் நுழையாத பெயர், எருசலேம் என்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் அலுத்துக்கொள்வதையும் கிளியார்க்கஸ் விடவில்லை. சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸும், இயற்கையைப் பற்றி முன்னோர் சொன்னவை எல்லாம் கிரேக்கத்துக்கு வெளியே இந்தியாவில் பிராமணர்களாலும் சிரியாவில் யூதர்களாலும் சொல்லப்பட்டிருக்கின்றன என்று எழுதினார். அந்தத் தலைமுறைக் கிரேக்கர்களுக்குக் கிழக்கே இருந்த எந்தக் குருகுலமும் தத்துவக் குருகுலமாகத் தெரிந்தது. கிளியார்க்கஸின் அரிஸ்டாட்டில் கட்டிவிடப்பட்ட பாத்திரம் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் யோசேப்பஸுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியிருக்கவில்லை.

அலெக்ஸாந்திரிய மரபின் உச்சம் யூதத் தத்துவவாதி ஃபைலோ. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவாகப் பிளந்து, பாதிகளை ஒன்றுக்கொன்று எதிராக வைக்கிறார். ஃபைலோ இந்தப் பலியைப் படித்துவிட்டு, உலகம் முழுவதும் எதிரெதிர்ப் பாதிகளால் ஆனது என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்: வெப்பம், குளிர், ஒளி, இருள், உயிர், சாவு. விளக்கிவிட்டு, இதைத்தான் கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிடஸ் தம் புதுக் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்துக்கொண்டார், ஆனால் இது மோசேயின் பழைய கண்டுபிடிப்பு என்று ஒரு குத்து குத்துகிறார். அதே ஃபைலோ மோசேயின் வாழ்க்கையை எழுதும்போது, அரண்மனையில் வளர்ந்த இளம் மோசேக்குப் பாடம் சொல்லக் கிரேக்கத்திலிருந்து பெரும் பொருள் கொடுத்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள் என்றும் எழுதிவிடுகிறார். மோசேயின் காலத்தில் கிரேக்கத்தில் எந்த ஆசிரியர் இருந்தார் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தம் ஊர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட கல்வி கிடைக்குமோ அதைத் தீர்க்கதரிசிக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இந்த ஒப்பீடுகள் பரவிய வேகத்துக்கு அடையாளமாக, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் யூதரே அல்லாத அபமேயா ஊர் நியுமேனியஸ், ஏதென்ஸ் கிரேக்கம் பேசும் மோசே அல்லாமல் பிளேட்டோ வேறு யார் என்று கேட்டார்.

எபிரேயமும் அரமேயமும் பேசிய பாலஸ்தீன, பாபிலோனிய ரபிகளுக்கு இந்த ஆர்வம் இருக்கவில்லை. தல்மூது, ரபிகளின் வேத விளக்கமான மித்ராஷ் ஆகியவற்றின் கடலில் பிளேட்டோவின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அங்கே தீர்க்கதரிசியும் தத்துவவாதியும் ஒன்றாக வரும் இடம் வேறு மாதிரியானது: பெயோரின் மகன் பிலேயாமுக்கும் கதாரா ஊர் அப்னிமோசுக்கும் இணையான தத்துவ ஞானிகள் உலகின் மற்ற மக்களிடையே தோன்றியதில்லை என்கிறது மித்ராஷ். பிலேயாம் புறச்சாதியாரின் தீர்க்கதரிசி. இஸ்ரவேலைச் சபிக்க வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போனவர். அப்னிமோசைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் சினிக் தத்துவவாதி ஒயினோமயோஸ் என்று அடையாளம் காண்கிறார்கள். இந்த மக்களை எங்களால் வெல்ல முடியுமா என்று மற்ற மக்கள் அவர்களிடம் போய்க் கேட்டார்கள். அவர்களுடைய ஜெப ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கூவிப் படித்துக்கொண்டிருந்தால் உங்களால் முடியாது என்பது விடை. யார் யாரிடம் திருடினார்கள் என்ற பேச்சே இதில் இல்லை. எருசலேமை இழந்தபின் தங்கள் பள்ளிக்கூடத்தை மட்டும் காவலாக நம்பியவர்களுக்கு, பிளேட்டோ எங்கே படித்தார் என்பது தேவைப்படாத செய்தி.

அந்தச் செய்தி மறுபடியும் தேவைப்பட்டது, அரபு மொழியில் தத்துவம் செழித்த இடைக்காலத்தில்தான். நிஷாப்பூரைச் சேர்ந்த அல்-ஆமிரி, 10ஆம் நூற்றாண்டில், கிரேக்கத் தத்துவவாதி எம்பெடோக்ளிஸ் தாவீது ராஜாவின் காலத்தில், குர்ஆனில் வரும் ஞானி லுக்மானிடம் கற்றார், பித்தாகரஸ் எகிப்தில் சாலொமோனின் தோழர்களிடம் கற்றார் என்று தத்துவத்துக்கு ஒரு குருபரம்பரை எழுதினார். இப்படிப்பட்ட வரிசைகள் யூத நூல்களுக்குள்ளும் புகுந்தன. சாக்ரடீஸ் அகித்தோப்பேலின் சீடர் என்றுகூட ஒரு மரபு உண்டு. தாவீதைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கிட்டுக்கொண்ட ஆலோசகரை ஏன் தேடிப் பிடித்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. யெகுதா ஹலேவி 12ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கூசாரி' நூலில், எல்லா அறிவுத்துறைகளின் வேரும் எங்களிடமிருந்து கல்தேயருக்கும், அங்கிருந்து பாரசீகருக்கும் மேதியருக்கும், பிறகு கிரேக்கருக்கும், கடைசியில் ரோமருக்கும் போனது. காலம் நீண்டதாலும் கைகள் பல மாறியதாலும் அது எபிரேயரிடமிருந்து வந்தது என்பதே மறந்துபோயிற்று என்கிறார். கிரேக்க ஞானம் பூ மட்டும் பூக்கும், காய்க்காது என்று பாடியவரும் அவரே.

இடைக்கால யூதத் தத்துவ ஞானியும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ் இத்தகைய சந்திப்புக் கதைகளில் இறங்கவில்லை. எங்கள் மக்களிடம் இருந்த அறிவுத்துறைகள் காலம் நீண்டதாலும் பிறர் எங்களை ஆண்டதாலும் அழிந்துபோயின என்று மட்டும் எழுதினார்; தெய்வ அருள் பொழியப்பட்ட தீர்க்கதரிசிகளை விட்டுவிட்டால் மனித அறிவின் எல்லை அரிஸ்டாட்டில் என்று தம் மொழிபெயர்ப்பாளருக்குக் கடிதம் எழுதினார். அவர் சொல்லாமல் விட்டதைப் பின்வந்தவர்கள் நிரப்பினார்கள். சாலொமோன் லீபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை, மிருகங்கள், பறவைகள், ஊர்வன, மீன்கள் ஆகிய எல்லாவற்றையும் பற்றிப் பேசினார் என்கிறது 1 இராஜாக்கள் 4:33. அந்தப் பேச்செல்லாம் எந்த நூலில் போயிற்று? அரிஸ்டாட்டிலிடம் விலங்குகளைப் பற்றிப் பெரிய நூல்கள் இருக்கின்றன. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கதை தானாக எழுந்துவிட்டது: அலெக்ஸாந்தர் எருசலேமுக்கு வந்தபோது கூடவே வந்த அரிஸ்டாட்டில், சாலொமோனின் ஏடுகளை எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். உண்மையில் அரிஸ்டாட்டில் அந்தப் படையெடுப்பில் போகவே இல்லை; ஏதென்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அலெக்ஸாந்தர் தலைமை ஆசாரியர் நீதிமான் சீமோனைக் கண்டு தேரிலிருந்து இறங்கி வணங்கினார் என்ற தல்மூதின் கதையோடு இதை ஒட்டவைத்தார்கள். அதே சீமோனிடம் அரிஸ்டாட்டில் பேசித் தம் தவறுகளை உணர்ந்தார் என்றும், கடைசிக் காலத்தில் தம் கொள்கைகளைக் கைவிட்டுவிட்டதாக அலெக்ஸாந்தருக்குக் கடிதம் எழுதினார் என்றும் கதை வளர்ந்தது. அப்படிப்பட்ட கடிதத்தைக் கெதாலியா இப்ன் யஹ்யா தம் 'ஷல்ஷெலெத் ஹ-கப்பாலா' என்னும் நூலில் சேர்த்தார்; 1587இல் வெனிஸில் அச்சான அந்த நூலை, மரபுச் சங்கிலி என்ற பெயரைத் திருப்பி, பொய்ச் சங்கிலி என்று பிறகு கேலி செய்தார்கள்.

இவற்றுக்கிடையே எனக்குப் பிடித்தது 'ஆப்பிள் நூல்'. அரபியில் உலவிய இதை 13ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவின் ஆபிரகாம் இப்ன் ஹஸ்தாய் எபிரேயத்தில் தந்தார். எபிரேயத்திலிருந்து சிசிலி மன்னர் மான்ஃப்ரெட் லத்தீனுக்குக் கொண்டுபோனார். சாகக் கிடக்கும் அரிஸ்டாட்டில் கையில் ஓர் ஆப்பிளை வைத்துக்கொண்டு அதன் மணத்தால் உயிரைப் பிடித்துவைத்தபடி, ஆன்மா அழிவதில்லை என்று மாணவர்களுக்கு விளக்குகிறார். நோவாவையும் ஆபிரகாமையும் மரியாதையோடு நினைவுகூர்கிறார். பேச்சு முடிந்ததும் பழம் கையிலிருந்து நழுவுகிறது. பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் மரணக் காட்சியை அப்படியே தூக்கி அரிஸ்டாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கிரேக்கம் அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

அலெக்ஸாந்திரியக் கதைகளுக்கும் இந்த இடைக்காலக் கதைகளுக்கும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அவை செய்த வேலை நேர் எதிரானது. அலெக்ஸாந்திரியாவில் அவை கிரேக்கர்களை நோக்கிப் பேசின: எங்களை உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைக்காலத்தில் அவை சொந்த ரபிகளை நோக்கிப் பேசின: அரிஸ்டாட்டிலை நம் பள்ளிக்குள் விடுங்கள், அவர் வெளியார் அல்லர், நம் வீட்டுச் சொத்தோடு திரும்பி வருபவர். தத்துவம் படிக்க ஆசைப்பட்ட யூத மாணவருக்கு இந்தக் கதைகள் கையில் இருந்த அனுமதிச் சீட்டு.

அந்தச் சீட்டு நீட்டப்படுவதை நேரடியாகப் பார்க்க க்ராக்கோவுக்குப் போக வேண்டும். ரெமா கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குச் சட்டத்தின் கடைசிச் சொல்லாக இருந்தவர். அவருடைய பெயரைத் தாங்கிய ஜெப ஆலயமும் அதன் பக்கத்திலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதியும் கஸிமியெஷ் பகுதியில் இன்றும் இருக்கின்றன. அவருக்கும் இன்னொரு பெரிய ரபியான சாலமோன் லூரியாவுக்கும் நடந்த கடிதப் போர் அவருடைய தீர்ப்புத் தொகுப்பிலேயே அச்சாகியிருக்கிறது. லூரியா கொதித்துப்போய் எழுதுகிறார்: விருத்தசேதனம் இல்லாத அரிஸ்டாட்டிலின் ஞானத்தை எல்லாப் பக்கமும் சுற்றி வருகிறீர், மாணவர்களின் ஜெபப் புத்தகங்களில் அரிஸ்டாட்டிலின் ஜெபம் என்று ஒன்றை எழுதிவைத்திருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன், உம்மைப் போன்ற தலைவர்கள்தாம் இதற்குப் பொறுப்பு. அரிஸ்டாட்டில் கடைசியில் மனம் திரும்பினார் என்ற கதை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இந்த ஒரு வரியே போதும். அவருடைய பெயரில் ஒரு மன்றாட்டு, சங்கீதங்களோடு சேர்ந்து பையன்களின் கையில் இருந்திருக்கிறது. ரெமாவின் பதிலில் பணிவும் உண்டு, பிடிவாதமும் உண்டு. அரிஸ்டாட்டிலின் சொற்களைச் சில இடங்களில் காட்டினேன், ஆனால் அவருடைய நூல்களை நேராகத் தொட்டதில்லை, மைமோனிடிஸ் போன்ற நம்மவர் நூல்களில் வந்ததையே எடுத்தேன் என்கிறார். அதையும் ஓய்வுநாளிலும் பண்டிகை நாட்களிலும், மற்றவர்கள் உலாவப் போகும் நேரத்தில்தான் படித்தேன். வார நாட்கள் முழுவதும் தல்மூதுக்கே என்கிறார். தத்துவ ஞானம் ஆதியில் இஸ்ரவேலிடமிருந்து போனதே என்ற வாதத்தையும் கூடவே வைக்கிறார்.

ரெமா 1570இல் பிராகா நகரில் அச்சிட்ட 'தோரத் ஹா-ஓலா' தேவாலயத்தின் அளவுகள், வாசல்கள், பாத்திரங்கள், பலிகள் ஒவ்வொன்றுக்கும் தத்துவப் பொருள் சொல்லும் நூல். எரேமியா பிளேட்டோவிடம் சொன்னதாகக் கூறப்படும் பதில் இவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. மரத்திலும் கல்லிலும் ஞானம் முழுவதும் இருக்கிறது என்பது இந்த நூல் முழுவதற்குமான ஒற்றை வரிச் சுருக்கம்.

ரெமாவிடம் படித்தவர்களில் ஒருவர் டேவிட் கான்ஸ். வானியலில் பித்துப்பிடித்த அவர் பிராகாவில் குடியேறி, பேரரசர் ருடால்ஃபின் வானியலாளர்களான டைக்கோ பிராஹேயையும் கெப்ளரையும் பழகி அறிந்தார். தல்மூதின் பெசாகிம் பகுதியில், வானத்தின் இயக்கம் பற்றி இஸ்ரவேலின் ஞானிகளும் மற்ற மக்களின் ஞானிகளும் மோதும் ஓர் இடம் உண்டு. வான்கோளம் அசையாமல் நிற்க நட்சத்திரக் குழுக்கள் சுழல்கின்றன என்பது இஸ்ரவேலர் கட்சி. கோளமே சுழல்கிறது என்பது மற்றவர் கட்சி. இரவில் கதிரவன் எங்கே போகிறது என்ற அடுத்த வாதத்தில், கிணற்றுத் தண்ணீர் பகலில் குளிர்ந்தும் இரவில் வெதுவெதுப்பாகவும் இருப்பதைச் சான்றாகக் காட்டி, நம் சொல்லைவிட அவர்கள் சொல்லே சரியாகத் தோன்றுகிறது என்று ரபி யெகுதா ஹ-நாசி ஒப்புக்கொள்கிறார். யார் யாரிடம் கற்றார்கள் என்று இடைக்காலத்தில் புனைந்த பக்கங்களுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த ஒப்புதல், பிற்கால ரபிகளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. கான்ஸ் இதை டைக்கோவிடம் எடுத்துச் சொன்னார். டைக்கோ, உங்கள் ஞானிகள் அந்நியருக்கு விட்டுக்கொடுத்தது தவறு, உண்மை உங்கள் ஞானிகள் பக்கமே இருந்தது என்று சொன்னதாகக் கான்ஸ் தம் வானியல் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அந்த நூல் அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1743இல்தான் முழுதாக அச்சேறியது.